மினி டிராக்டர் இன்ஜின் உதறுகிறதா? எப்போது உதறுகிறது என்று முதலில் பாருங்கள்

சின்ன டீசல் டிராக்டர் உதறி ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் முதல் வார்த்தை "பம்ப் போச்சு". அடுத்த வார்த்தை "நாசில்". பம்ப் டீசலை அழுத்தி அனுப்பும், நாசில் அதை இன்ஜினுக்குள் தூவும். இரண்டுமே செலவு வைக்கும் வார்த்தைகள். பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பி, காசு கொடுத்து, திரும்ப மாட்டிய பிறகும் வண்டி அதே மாதிரி உதறும். கடைசியில் பார்த்தால் டேங்க் அடியிலிருந்து வரும் ஓஸில் மயிரிழை வெடிப்பு இருக்கும். அதனால் இங்கே வரிசை டேங்கிலிருந்து தொடங்குகிறது. பம்ப் கடைசி.

நான் பேசுவது 15லிருந்து 28 ஹெச்பி வரையுள்ள மினி டிராக்டர்களைப் பற்றி. தென்னந்தோப்பிலும், மஞ்சள், கரும்பு இடையுழவிலும், திராட்சைப் பந்தலுக்குக் கீழேயும் ஓடுகிற வண்டிகள். பெரும்பாலும் 3 சிலிண்டர், மெக்கானிக்கல் பம்ப். 2023 ஜனவரியில் வந்த டிரெம் 4 புகை விதி 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். அதனால் இந்தச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது, ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் போதும். அளவுகள் சொல்லும் இடத்தில் குபோட்டா டி1105 இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 78 மி.மீ போர், 78.4 மி.மீ ஸ்ட்ரோக், 1,123 சிசி. உங்கள் வண்டி வேறு என்றால் அதன் புத்தகத்தில் உள்ள அளவுதான் கணக்கு.

கை வைப்பதற்கு முன் ஒன்று. நாசில் திறந்து டீசலைத் தூவும் அழுத்தம் இந்த இன்ஜினிலேயே சதுர செ.மீ.க்கு 140 முதல் 150 கிலோ. நேரடியாக சிலிண்டருக்குள் அடிக்கும் வகை இன்ஜின்களில் இன்னும் அதிகம். ஹை பிரஷர் பைப்பில் ஊசித்துளை இருந்தால் அதிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போலத்தான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. அப்படி ஆனால் வீட்டுக்குப் போய் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடியுங்கள், கையால் தடவாதீர்கள்.

கருவி எடுக்கும் முன்

ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்ச்சை முழுதாக அழுத்துங்கள். உதறல் நின்றால் அல்லது மாறினால், கோளாறு இன்ஜினுக்குப் பின்னால், கிளட்ச் பக்கம். பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டின் லீவர் (பிடிஓ) உண்மையிலேயே ஆஃபில் இருக்கிறதா பாருங்கள். ஹைட்ராலிக் லீவரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். லிஃப்ட் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றால் ரிலீஃப் வால்வு கீச்சென்று கத்தும், இன்ஜின் ஸ்லோவில் திணறும். அதை இன்ஜின் கோளாறு என்று நினைத்து வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனவர்கள் உண்டு.

அப்புறம் ஸ்லோ ஸ்பீடு. புத்தகத்தில் சொன்னதைவிட ஆர்பிஎம் குறைவாக வைத்திருந்தால் 3 சிலிண்டர் இன்ஜின் உதறத்தான் செய்யும், டீசல் மிச்சம் என்று யாரோ ஸ்க்ரூவைத் திருப்பி வைத்திருப்பார்கள். ஸ்டாப் கேபிளையும் பாருங்கள். இழுத்துவிட்டபின் அது முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றால், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்பின் ரேக் பாதி மூடியபடியே இருக்கும். இழுவை இருக்காது, ரேஸ் கொடுத்தாலும் ஏறாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீரும் பிரச்சினை.

இதிலெல்லாம் ஒன்றும் இல்லையென்றால் உண்மையான கேள்விக்கு வருவோம்: எப்போது உதறுகிறது?

காலையில் முதல் சில நிமிடம் மட்டும்

வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் வாடை, இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இப்படியானால் ஒரு சிலிண்டரின் ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கேரட் காட்டில் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை, சமவெளியில் மார்கழி, தை மாதங்களில்தான் தெரியும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். டி1105இல் ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாமல் திறந்த சுற்றாக இருந்தால் அந்தப் பிளக் எரிந்துவிட்டது. சில இன்ஜின்களில் ஹீட்டர் பிளக்கே கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அதே காலைநேர வெள்ளைப் புகையோடு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் கதை வேறு. ராத்திரி முழுவதும் ஹெட் கேஸ்கட் வழியாக ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கிறது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கும்போது 'டக்' என்று முட்டி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். பிஸ்டன் மேலே வரும்போது இந்த இன்ஜினில் மிஞ்சும் இடம் 20 சிசிக்கும் குறைவு. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஸ்லோவில் ஏறி ஏறி இறங்குகிறது

ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் 'ஊம்… ஊம்…' என்று ஏறி இறங்குவதை மெக்கானிக்குகள் ஹண்டிங் என்பார்கள். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைக் குறை சொல்வது எளிது. ஆனால் பெரும்பாலும் டீசலில் காற்று கலந்து வருகிறது என்பதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை டேங்கிலிருந்து இழுத்துத் தரும் சின்ன பம்ப்) வரையுள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். இன்ஜின் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அந்த இடம் காய்ந்து சுத்தமாகத்தான் இருக்கும். ஈரத்தைத் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ராத்திரி நிறுத்திவைத்தால் லைனில் உள்ள டீசல் மெல்லத் திரும்பி டேங்குக்கு இறங்கிவிடும். அதனால் காலையில் நீளமாக செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், ஸ்டார்ட் ஆனதும் ஏறி இறங்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கவர்னரைத் தொடாதீர்கள்.

சோதிக்க நல்ல வழி தனி கேன். சுத்தமான 5 லிட்டர் கேனில் வடிகட்டிய டீசல் ஊற்றி, இன்ஜினைவிட உயரமாகக் கட்டி, புது ஓஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்புக்குள் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரிதான். டேங்க், டேங்கிலிருந்து வரும் ஓஸ், கிளிப், கீழே இருக்கும் கப் எல்லாம் இந்தச் சோதனையில் விலகிவிடும். காற்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வண்டி சீராக ஓடினால் கோளாறு அந்த விலகிய பகுதிக்குள்தான். கேனிலும் அதே உதறல் என்றால் ஃபீட் பம்பிலிருந்து முன்னால் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. பாதி சந்தேகம் போய்விடும். ஓஸ் ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது, குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கோளாறு டேங்க் பக்கம் என்று தெரிந்தால் ரப்பர் ஓஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்து கட்டையாகிப்போன ஓஸ் வளைக்கும்போது வெடிப்பைக் காட்டும். கிளிப்பை இறுக்கினால் ஒருநாள் நிற்கும், மறுபடி வரும். ஓஸை மாற்றிவிடுங்கள், விலை அற்பம். ஃபில்டர் மாற்றிய அன்றிலிருந்து தொல்லை என்றால் பழைய ரப்பர் ரிங் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்க, புது ரிங்கையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

காற்று எடுக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும், வரிசை மாறாது. டேங்கை நிரப்புங்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பு இருந்தால் அடியுங்கள், எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் என்றால் சாவியை ஆன் செய்து வையுங்கள். நுரை நின்று, குமிழி இல்லாத டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்பின் மேலிருக்கும் ஸ்க்ரூவில் இதையே செய்யுங்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இரண்டு நாசில் பைப் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள், பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், இடையில் அரை நிமிடம் விடுங்கள். செல்ஃப் மோட்டாரைப் புகைய வைத்துவிட்டால் இன்னொரு செலவு.

தனி கேன், காற்று எடுத்தல் எல்லாம் முடிந்தும் ஏறி இறங்கினால் அப்போதுதான் கவர்னர் ஸ்பிரிங், ஒட்டிக்கொள்ளும் ரேக் பக்கம் போவது. பல மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் ரேக் பிசுபிசுத்து ஒட்டுவது உண்டு.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறுகிறது

ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல இழுவை குறையும், உதறும், அணையும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இந்த அறிகுறி வந்தால் அடுத்த முறை திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்து, இன்ஜின் உடனே தெளிந்தால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. புழுதி சேர்ந்து அடைக்கும், குளவி மண் வைத்தும் அடைக்கும்.

மூடி சரியென்றால், டேங்கிலிருந்து டீசல் வெளியேறும் வாயில் ஏதோ மிதந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. சாக்கு நூல், இலை, கேன் மூடியின் பிளாஸ்டிக் சீவல், டீசலில் தண்ணீர் தேங்கி வளர்ந்த கொழகொழப்பான பாசி. இன்ஜின் இழுக்கும்போது அடைக்கும், நின்றதும் விலகும். டேங்கை முழுதாக வடித்துக் கழுவுவதைத் தவிர வேறு வழி கிடையாது. வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். மினி டிராக்டர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்குக் காரணம் நம் பழக்கம்தான். பங்கிலிருந்து கேனில் வாங்கி வந்து, அந்தக் கேனைத் தோட்டத்து ஓரத்தில் மழையில் வைத்து, புனல் இல்லாமல் ஊற்றுகிறோம். களைக்கொல்லி இருந்த கேனைக் கழுவிவிட்டு அதில் டீசல் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஃபில்டர் அடைப்பும் ஏறக்குறைய இப்படித்தான் காட்டும், ஒரு வித்தியாசத்தோடு: அது நேரத்தைப் பார்க்காது, லோடைப் பார்க்கும். காலியாக எவ்வளவு நேரமும் ஓடும், ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கியதும் திணறும்.

எல்லா நேரமும் ஒரே சீராக மிஸ்ஸிங்

இதுதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய அறிகுறி. மூன்று சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 240 டிகிரி சுற்றும்போது ஒருமுறை வெடிக்கும். ஒரு சிலிண்டர் செத்தால் அந்த இடத்தில் 480 டிகிரி காலியாகப் போகும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று போனால் சமாளிக்கும். இதில் ஸ்டீயரிங், சீட், பானெட் எல்லாம் சேர்ந்து ஆடும். காலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், புகை வெளியேறும் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டில் சுர்ரென்று போகும், செத்த சிலிண்டரில் அப்படியே வழியும். வெப்பம் காட்டும் துப்பாக்கி இருந்தால் இன்னும் துல்லியம்.

உறுதி செய்ய நட்டு தளர்த்தும் சோதனை. கண்ணாடி, தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லோவில் ஓடவிட்டு, நாசில் பக்கமிருக்கும் பைப் நட்டைத் துணியால் சுற்றி, அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். சத்தம் மாறி ஆர்பிஎம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த நட்டைத் தளர்த்தும்போது வித்தியாசமே தெரியவில்லையோ அங்கேதான் கோளாறு. தளர்த்திய நட்டில் டீசல் நன்றாகத் துடித்து வருகிறதா என்பதையும் பாருங்கள். வரவில்லை என்றால் பம்பின் அந்த எலிமெண்ட் அல்லது டெலிவரி வால்வு, அல்லது காற்று. வருகிறது, ஆனாலும் வெடிக்கவில்லை என்றால் நாசில் அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு).

இங்கே பலர் நேராகப் புது நாசில் வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம், முதலில் இடம் மாற்றிப் போடுங்கள். இரண்டாம் சிலிண்டர் செத்திருந்தால் அதன் நாசிலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் நாசிலை இரண்டாவதற்கும். மிஸ்ஸிங் நாசிலோடு சேர்ந்து மூன்றாவதற்குப் போனால் நாசில்தான் குற்றவாளி. இரண்டாவதிலேயே நின்றால் நாசில் நிரபராதி. இதற்கு ஆகும் செலவு சில காப்பர் வாஷர்கள் மட்டும். வாஷரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழையது குழிக்குள் ஒட்டியிருந்தால் கொக்கிக் கம்பியால் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். இரண்டு வாஷர் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் நாசில் மேலே தூக்கி நின்று, இல்லாத மிஸ்ஸிங்கை நாமே உண்டாக்கிவிடுவோம்.

நாசில் நிரபராதி என்று தெரிந்தால் அடுத்தது டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு அளக்க வேண்டும். டி1105க்கு 0.145 முதல் 0.185 மி.மீ. ஆறியிருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் மிஸ் ஆகும் வண்டியில் இந்த இடைவெளி இறுகிப்போயிருப்பதைப் பார்க்கலாம்: சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். வால்வு 'கடகட'வென்று சத்தம் போட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். இறுகிய வால்வு சத்தமே போடாது, மெல்ல எரிந்துபோகும்.

அதற்கும் பிறகு கம்ப்ரஷன் கேஜ். நல்ல பேட்டரியோடு செல்ஃப் அடித்தால் இந்த இன்ஜினில் சதுர செ.மீ.க்கு 29 முதல் 33 கிலோ காட்ட வேண்டும். 23க்குக் கீழே போனால் ரிங், லைனர், வால்வு என்று இறங்கிப் பார்க்க வேண்டும். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருப்பதைவிட, ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகி நிற்பதுதான் உதறலுக்குக் காரணம். சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒரு டீஸ்பூனுக்கு மேல் ஊற்றாதீர்கள், 20 சிசி கணக்கு இங்கேயும் உண்டு.

ஸ்லோவில் மட்டும் லேசாக உதறி, ரேஸ் கொடுத்தால் சீராகிவிடும் வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தடிக்கும் பம்ப் மாதிரி லேசான வேலைக்கே மாதக்கணக்கில் ஓடிய இன்ஜினில் கரி சேர்ந்து நாசில் முனை ஒட்டியிருக்கும், சைலன்சரில் கறுப்பாக எண்ணெய் வழியும். கழற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் கலப்பையில் நன்றாக வேலை வாங்குங்கள். பாதி வண்டிகள் இதிலேயே தெளியும்.

லோடில் கறுப்புப் புகை

காற்று போதவில்லை, அல்லது வேலை அதிகம். ஏர் கிளீனரைத் திறங்கள், எலி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். பேப்பர் எலிமெண்டைத் தரையில் தட்டக் கூடாது. உள்ளிருந்து வெளியே, 2 கிலோவுக்கு மிகாத காற்றில் ஊத வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை அப்படியே வைத்தால் பேப்பர் கிழியும், கிழிந்த இடம் வழியாகப் புழுதி போய் ரிங்கைத் தின்றுவிடும். எலிமெண்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்க்கலாம், அப்படியே உழப் போகாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் புகைந்தால் 18 ஹெச்பி வண்டியில் எத்தனை அடி ரோட்டவேட்டர் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

நீலப் புகையென்றால் ஆயில் எரிகிறது. அது இன்னொரு நாள் கதை.

டக் டக் என்று அடிக்கிறது, ஆயில் லெவல் ஏறுகிறது

ஒரு சிலிண்டரில் மட்டும் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தமும் கறுப்புப் புகையும் வந்தால் நாசில் தூவாமல் ஒழுகுகிறது. நட்டு தளர்த்தும் சோதனையில் அந்தச் சிலிண்டரைத் தளர்த்தியதும் சத்தம் நிற்கும். இதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். ஒழுகும் டீசல் லைனரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் சேரும். டிப் ஸ்டிக்கில் லெவல் தானாக ஏறி, டீசல் வாடை அடித்தால் அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள். ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே அறிகுறிதான். ஆயில் அதிகமாகி அது சிலிண்டருக்குள் எரிய ஆரம்பித்தால், ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் அணையாமல் இன்ஜின் தானாக எகிறிக்கொண்டே போகும். அப்போது ஒரே வழி காற்று வரும் வாயைப் பலகையால் அடைப்பது. கையை வைக்கக் கூடாது.

சர்வீஸ் செய்த நாளிலிருந்து

பம்பைக் கழற்றி மாட்டியபின் உதறலும் சத்தமும் வந்தால் பம்புக்கு அடியிலிருக்கும் ஷிம் தகடுகளை எண்ணிக் கேளுங்கள். டி1105இல் 0.05 மி.மீ ஷிம் கூடினாலோ குறைந்தாலோ டைமிங் ஏறக்குறைய அரை டிகிரி நகரும். ஷிம் கூடினால் தாமதமாகும், குறைந்தால் முந்தும். தொலைந்த ஷிம்முக்குப் பதில் பேப்பர் பேக்கிங் வெட்டிப் போட்டு வருகிற பம்புகள் உண்டு. முந்திப்போனால் நாக்கிங், பிந்திப்போனால் வெள்ளைப் புகையும் இழுவைக் குறைவும்.

நாசில்களைக் கடைக்கு எடுத்துப் போகும்போது எந்தச் சிலிண்டருடையது என்று ஒவ்வொன்றிலும் குறித்து, கழற்றிய பைப் வாய்களைப் பாலித்தீன் சுற்றி அடைத்துவிட்டுப் போங்கள். டெஸ்டரில் அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நல்ல நாசில் 'கிர்ர்' என்று அதிர்ந்து புகை மாதிரி தூவும், அடித்து முடித்ததும் முனை காய்ந்திருக்கும். முனையில் சொட்டு நின்றால் அது போச்சு. திறந்து தூவும் அழுத்தம் மூன்றிலும் எத்தனை கிலோ என்று கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.